தொப்பளானின் வலது கை

மருமகள் டிவியில் வருகிறாள் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எதில் வருகிறாள் என்று கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

"காலையில குழந்தைங்க நிகழ்ச்சி ஒண்ணு வருதில்ல. கரடி பேசுமே."

"தொப்பளான்தானே? அதைப் போட்டாத்தான் எங்க வீட்டுக் குழந்தை சோத்துக்கு வாயே திறக்குது. உங்க மருமகளா அந்தக் கரடி?"

"கரடி இல்ல. கரடியோட வலது கை."

"ஓ" என்பார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவர்களுக்கும் தெரியாது, என்ன சொல்வது என்று மாமியாருக்கும் தெரியாது. பேச்சு வெயிலுக்கோ முட்டிவலிக்கோ போய்விடும்.

தொப்பளானுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். மனிதனுக்கு இருப்பதே இரண்டு கை. ஒன்று கரடியின் தலைக்குள் போய் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, மற்றது கரடியின் இடது கைக்குள் போய்விட்டால், வலது கைக்கு ஆள் தேட வேண்டியதுதான். தலையையும் இடது கையையும் பார்த்துக்கொண்டு குரலும் கொடுத்தவரை டிவி நிலையத்தில் எல்லோரும் 'தலை' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார். அவளை 'வலது' என்றார்கள். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

கரடி உட்கார்ந்திருக்கும் மேசை உள்ளே கூடு. அதற்குள் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். தலை நடுவில். வலது அவருக்குப் பக்கத்தில், அவருடைய அக்குளில் மூக்கை வைத்துக்கொண்டு. மேலே என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு சின்னத் திரை தரையில் இருந்தது. அது தலையின் பக்கம் திரும்பியிருக்கும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சட்டை. அவர் குளித்தாரா, நேற்றைய சட்டையா, வீட்டில் சண்டையா என்பதெல்லாம் அவர் மனைவிக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். சில நாள் மனைவிக்கு முன்பே தெரிந்துவிடும்.

அவள் இதற்கென்று பிறந்தவள் ஒன்றும் இல்லை. உடையறையில் தையல்காரியாக இருந்தாள். அவளுக்கு முன்னால் வலது கையாக இருந்தவனுக்குக் கரடியின் ரோமம் ஒத்துக்கொள்ளவில்லை. தொப்பளான் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது அதன் வலது கை மட்டும் தும்மியது. அவனை அன்றே மாற்றினார்கள். கிழிந்த காதைத் தைக்க வந்தவளைப் பார்த்து, "ஒரு நிமிஷம் இந்தக் கையை உள்ள விடுங்க" என்றார் தலை. அந்த ஒரு நிமிஷம் வருஷக்கணக்கில் ஓடியது.

கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு பேச முடியும் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. தலை "எனக்குக் கோபமே இல்லை" என்று சொல்லும்போது கை மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும். "எனக்குப் பசிக்கவில்லை" என்னும்போது கை தொப்பையைத் தடவும். குழந்தைகள் சிரிப்பார்கள். தன் குரலுக்குச் சிரிக்கிறார்கள் என்று தலை நினைத்துக்கொள்வார். அவரும் அக்குளுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்.

நிகழ்ச்சி நேரலையாக ஓடியது. குழந்தைகளின் கள்ளமற்ற பேச்சின் மேல் நிலையத்துக்கு இருந்த மதிப்பு காரணம் அல்ல. பதிவு செய்தால் வெட்டி ஒட்ட ஆள் போட வேண்டும்.

வசனம் எழுதுகிறவர் தினமும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். குழந்தை வரும், கரடியின் வலப்பக்கத்து முக்காலியில் உட்காரும். கரடி பேர் கேட்கும். பிடித்த நிறம் கேட்கும். பத்துவரை எண்ணச் சொல்லும். டாட்டா. இதை எழுத அவர் படித்துப் பட்டம் வாங்கியிருந்தார். ஆனால் அந்த முக்காலியில் உட்கார்ந்த ஒரு குழந்தையும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஒருவன் வந்தான். பாதி கடித்த பிஸ்கட்டைக் கரடியின் வலது கையில் வைத்து, "இதைக் கொஞ்சம் பிடி" என்றான். அப்புறம் இரண்டு கையையும் விரித்து, அவன் அக்கா சைக்கிளிலிருந்து விழுந்த கதையை முழுதும் சொன்னான். சொல்லி முடித்துப் பிஸ்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவ்வளவு நேரமும் வலது அந்தப் பிஸ்கட்டை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பிடித்த நிறம் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இன்னொருத்தி உட்கார்ந்ததும் மேசையின் இடுக்கில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கரடியின் காதருகே போனாள்.

"தொப்பளான்."

"சொல்லு கண்ணு."

"உனக்குள்ள யாரோ இருக்காங்க."

"யாரு?" என்றார் தலை கீழேயிருந்து.

"தெரியல. ரெண்டு பேரு மாதிரி இருக்கு. ஒருத்தருக்கு சாக்ஸ்ல ஓட்டை."

"ஐயோ! இப்ப நான் என்ன பண்றது?"

"பயப்படாத. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் தைரியம் கொடுப்பதற்காகக் கரடியின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். யாரைக் கண்டு பயப்படாதே என்று சொன்னாளோ அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. குழப்பமெல்லாம் கீழே இருந்தவர்களுக்கு. தலை அன்று மாலையே புதுச் சாக்ஸ் வாங்கினார்.

குழந்தைகளின் முகம் வலதுக்குத் தெரியாது. கையைத்தான் தெரியும். ஈரக் கை, மிட்டாய் ஒட்டிய கை, நகம் கடித்த கை, வந்ததிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்த கை. வாயைத் திறக்காத பையன் ஒருவனும் வந்தான். தலை பாடினார், உறுமினார், விக்கல் எடுத்தார். பையன் அசையவில்லை. கரடியின் வலது கை விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கினான். வலது அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். அவன் மறுபடி மடக்கினான். நேரம் முடியும்வரை இதுதான் நடந்தது. மேலே தலை ஒரே ஆளாகத் தொண்டை கட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நாளுக்குத்தான் விருது கிடைத்தது. 'குழந்தையின் மௌனத்தை மதித்த அபூர்வமான பொறுமைக்காக.' வாங்கியது தலை. "எல்லாம் இந்தக் கைதாங்க" என்று மேடையில் தன் கையைத் தூக்கிக் காட்டினார். கழிப்பறைக்குப் போகும் வழியிலிருந்த கடைசி வரிசையில் உட்கார்ந்து வலதும் கைதட்டினாள். தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் நிலையத்தை நிர்வகிக்கப் புதிய மேடம் வந்தார். அவர் இதற்கு முன் சோப்பு நிறுவனம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நிலையத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் மேசைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கரடிக்கு எதுக்கு ரெண்டு ஆளு?"

தலைதான் விளக்கினார். தலைக்குள் ஒரு கை, இடது கைக்குள் ஒரு கை, ஆகவே வலது கைக்கு.

"பேசறது வாய்தானே? ஒரு கை ஆடலேன்னா யாருக்குத் தெரியப்போகுது? பஞ்சு வெச்சுத் தெச்சுடுங்க."

வலது தலையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் குந்தியிருந்தவர். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சமாளிச்சுக்கலாம் மேடம்" என்றார். பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, "அவங்க நல்லா தைப்பாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆக, அவள் இடத்தை அடைக்கும் வேலை அவளுக்கே வந்தது. மாசக் கடைசிவரை உடையறையில் இருக்கலாம், அதற்குப் பிறகு வர வேண்டியதில்லை என்றார்கள். அவள் கரடியின் வலது கையைத் திருப்பிப்போட்டு, தையல் பிரித்து, பஞ்சு அடைத்தாள். ஏனோதானோவென்று செய்திருக்கலாம். செய்ய வரவில்லை. மணிக்கட்டு இயல்பாகத் தொங்க வேண்டும் என்று உள்ளே கொஞ்சம் மணல் வைத்துத் தைத்தாள். தன்னைப் போலவே இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

தலை வந்து தூக்கிப் பார்த்தார். "உயிர் இருக்கிற மாதிரியே இருக்கும்மா" என்றார்.

"இருந்துச்சு" என்றாள் அவள்.

பஞ்சுக் கையின் முதல் நாள் நிகழ்ச்சியை உடையறைச் சுவரில் இருந்த டிவியில் பார்த்தாள். அவளுக்கே புதுசாக இருந்தது. அதுவரை தொப்பளான் பேசும்போது அவள் முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. மூக்கு கொஞ்சம் கோணலாக இருந்தது.

முக்காலியில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்தது. இரட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். தலை பேர் கேட்டார். அது பதில் சொல்லாமல் கரடியின் வலது கையை எடுத்தது. விட்டது. கை பொத்தென்று மேசையில் விழுந்தது. மறுபடி எடுத்தது. விட்டது. பொத்.

"உன் கை ஏன் செத்துப்போச்சு?"

எழுதிக் கொடுத்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை.

"அதுவா... சாகலை கண்ணு. அடிபட்டுடுச்சு."

"யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கலை. விழுந்துட்டேன்."

"எங்கேருந்து?"

"மாடி... மாடிலேருந்து."

"நீ எப்படி மாடி ஏறினே? உனக்குத்தான் காலே இல்லையே."

கீழே தலைக்கு வியர்த்திருக்கும். எந்த இடத்தில் முதலில் வியர்க்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"லிஃப்ட்ல போனேன்."

ரிப்பன்காரி யோசித்தாள். லிஃப்ட் என்பதை ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு, "யாரு தள்ளிவிட்டா?" என்றாள்.

"யாரும் தள்ளலைம்மா!" தொப்பளானின் குரல் ஒரு கணம் போய்த் தலையின் சொந்தக் குரல் வந்தது.

குழந்தை அவரை நம்பவில்லை. ஒரு பின்னலை அவிழ்த்து, ரிப்பனை உருவி, கரடியின் வலது கையில் சுற்றிச் சுற்றிக் கட்டியது. குனிந்து கட்டின் மேல் ஊதியது. "இனிமே லிஃப்ட்ல போகாதே" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து தொங்க இறங்கிப் போனது.

பத்துவரை யாரும் எண்ணவில்லை.

மத்தியானத்துக்குள் அந்தக் காட்சி எல்லார் கைபேசியிலும் இருந்தது. கையை விட, பொத்தென்று விழ, 'ஏன் செத்துப்போச்சு?' என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அடுத்த நாளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தன. கட்டுத்துணி, களிம்பு, காலியான தைலக் குப்பி, பொம்மை ஊசி. 'சீக்கிரம் சரியாகட்டும்' என்று எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருந்தார்கள். தெரியாதவர்கள் கையை வரைந்திருந்தார்கள். நிலையத்தின் வாசலில் கரடிக் கையின் பெரிய படம் வைத்தார்கள், ரிப்பனோடு.

உயிரோடிருந்த காலத்தில் அந்தக் கைக்கு ஒரு கடிதம் வந்ததில்லை.

மேடம் கூட்டம் போட்டார். "பார்த்தீங்களா? இதைத்தான் நான் வந்ததிலேருந்து சொல்லிட்டிருக்கேன். இயல்பா வரணும். எழுதி வெச்சா வராது." பிறகு வசனகர்த்தாவின் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரமும் இதே மாதிரி எதிர்பாராம ஏதாவது நடக்கணும். புதன்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். எதிர்பாராமல் எதுவும் நடக்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது கணவன் கைபேசியில் அந்தக் காட்சியை மறுபடி பார்த்துச் சிரித்தான். அவன் பேருந்து பணிமனையில் வேலை பார்ப்பவன். மனசில் பட்டதைச் சொல்லிவிட்டு அப்புறம் ஏன் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்று கேட்கும் வகை.

"ஏன்டி, உன்னைவிட அந்தப் பஞ்சு நல்லா நடிக்குதே."

மாமியார் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டா. அந்தப் பஞ்சையும் அவதானே வெச்சா."

ஆதரவாகத்தான் சொன்னாள். வலதுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

மாசக் கடைசி வந்தது. யாரோ ஒரு கேக்கை வெட்டினார்கள். தலை அவள் தோளைத் தட்டி, "நீங்க இல்லாம எனக்கு ஒரு கை ஒடஞ்ச மாதிரிம்மா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவசரமாக இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் பள்ளிச் சீருடை தைக்க ஆரம்பித்தாள். வேலை வந்தது. குழந்தைகள் அளவு கொடுக்க வருவார்கள், அம்மாவின் பின்னால் ஒளிவார்கள். அவள் குனிந்து, "கையை நீட்டு" என்றால் நீட்ட மாட்டார்கள். கரடியிடம் பிஸ்கட்டைக் கொடுத்துவைத்த ஜாதிதான், ஆனால் அவளுக்கு ரோமம் இல்லையே. காலையில் அந்த நேரம் வந்தால் தோள் தானாக இறுகும். ஒருநாள் அடுப்படியில் எதையோ யோசித்தபடி வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து மாமியார் சொன்னாள்: "இறக்கும்மா. இது வீடு."

அழவில்லை. கையை இறக்கினாள். பிறகு நெடுநேரம் ஒரு குட்டிச் சட்டையின் கைப்பகுதியையே தைத்துத் தைத்துப் பிரித்தாள். கூடு மேசையும் அக்குளும் சின்ன ஈரக் கைகளும் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால் அக்குளையா தேடுகிறாய் என்பான் கணவன்.

நிலையத்தில் இதற்குள் வேறு தலைவலி தொடங்கியிருந்தது. ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் வலது கை அடிபட்டுவிட்டது. காலையில் எழுந்ததும் ரிப்பன் கட்டச் சொன்னார்கள். எழுத மாட்டேன் என்றார்கள், கை வலிக்கிறதாம். ஊட்டிவிடச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் வகுப்பு முழுதும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீச்சர் எழுதச் சொல்ல, ஒருவர் விடாமல், "தொப்பளானுக்குச் சரியாகட்டும் மிஸ்" என்றார்களாம். பெற்றோர்கள் நிலையத்துக்குப் போன் செய்து எடுத்தவர்களையெல்லாம் திட்டினார்கள்.

வேறு வழியில்லை. கையைக் குணப்படுத்தியே ஆக வேண்டும் என்று மேடம் முடிவெடுத்தார். ரிப்பன் கட்டிய அதே குழந்தையைக் கூப்பிட்டு, அதன் கையாலேயே கட்டைப் பிரிக்க வைத்தால், கரடி கையை ஆட்டிக் காட்டிவிடும். பஞ்சு ஆடாது என்பது கூட்டத்தின் கடைசியில்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது.

தலைதான் போன் செய்தார். "அம்மா தாயே, ஒரே ஒரு நாள்."

போனாள். மேடம் அறையில் உட்காரச் சொன்னார்கள். அதற்கு முன் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"ஒரு தடவை கையை ஆட்டினா போதும். டாட்டா காட்டிடுங்க. முடிஞ்சுது" என்றார் மேடம்.

"மறுநாள்லேருந்து?"

"அதுக்கு ஒரு யோசனை வெச்சிருக்கேன். கரடிக்கு ஒரு பாக்கெட் வெச்சுடுவோம். கையை எப்பவும் பாக்கெட்ல போட்டுக்கிட்டிருக்கும். ஸ்டைலா இருக்கும், யாரும் இழுத்துப் பார்க்கவும் முடியாது." மேடம் புன்னகைத்தார். "நீங்களே தெச்சுக் குடுத்துட்டீங்கன்னா நல்லது. நல்லா தைப்பீங்களாமே."

தலை ஜன்னல் வழியாக எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சுவர்தான் இருந்தது.

அவள் பாக்கெட் தைத்தாள். கரடியின் நிறத்துக்கு ஏற்ற துணியாகப் பார்த்து எடுத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டாள். பஞ்சை உருவி எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். மணலில் கொஞ்சம் விரல் நுனியில் தங்கிவிட்டது. இதுதான் கடைசி முறை, ஒழுங்காக ஆட்டிக் காட்டிவிட்டுப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். உண்மையாகவே அப்படித்தான். பிறகு யார் எப்படிச் சொன்னாலும் முன்கூட்டியே திட்டம் எதுவும் அவளிடம் இல்லை.

மேசைக்குள் குந்தினார்கள். அக்குளில் மாற்றமில்லை.

மேலே பாட்டு முடிந்தது. முக்காலி நகரும் சத்தம் கேட்டது. தலையின் குரல் கரடியின் குரலானது.

"வா வா, டாக்டரம்மா! உன்னைத்தான் தேடிட்டிருந்தேன். என் கை சரியாயிடுச்சு! கட்டைப் பிரி, காட்டறேன்."

ரிப்பன்காரி எதுவும் பேசாமல் முடிச்சை அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாக ரிப்பன் போனது. கடைசிச் சுற்று போனதும் வலது கையைத் தூக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"இதோ பாரு, ஆட்டறேன்! ஒண்ணு, ரெண்டு..."

அப்போது அந்தக் குழந்தை கரடியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டது. உள்ளங்கை சூடாக இருந்தது. கட்டைவிரலில் ஏதோ சிராய்ப்பு, சொரசொரவென்று. கரடியின் முகத்தைவிட்டுக் கையின் பக்கமாகக் குனிந்து, கையிடமே கேட்டது:

"வலிக்குதா? அவன் சொல்றான்னு நீ ஆட்ட வேண்டாம்."

இத்தனை வருஷத்தில் தலையை விட்டுவிட்டுக் கையிடம் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. வலது அசையவில்லை.

"மூணு!" என்றார் தலை. கை கிடந்தது.

"மூணே முக்கால்!" கை கிடந்தது. மேசைக்குள் அவர் முழங்காலால் அவள் விலாவில் இடித்தார். அவள் அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றைய சட்டை.

"நீ பொய் சொல்றே" என்றது குழந்தை தலையிடம். "இதுக்கு இன்னும் வலிக்குது."

"இல்ல கண்ணு, நல்லா ஆயிடுச்சு. கூச்சம். கைக்குக் கொஞ்சம் கூச்சம். ஆடும், இப்ப ஆடும் பாரேன்." பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஒலிவாங்கி இருப்பதை மறந்து, "ஆட்டும்மா" என்றார்.

ஊரெல்லாம் அதைக் கேட்டது. கரடி தன் கையைக் கெஞ்சுகிறது என்று குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அது தப்பும் இல்லை.

வலது ஒரு விரலை மட்டும், கட்டைவிரலை, மெதுவாக மடக்கினாள். குழந்தையின் சிராய்த்த விரலின் மேல் அது படிந்தது.

"ஒண்ணு அசையுது!" ரிப்பன்காரி கத்தினாள். "மத்ததெல்லாம் இன்னும் தூங்குது. எங்கப்பாவுக்குக் கால் ஒடஞ்சப்பவும் இப்படித்தான். முதல்ல கட்டைவிரல் மட்டும்தான் ஆடிச்சு. அப்புறம் தினமும் ஒருத்தங்க வந்து ஆட்டிவிடுவாங்க. ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாளா?" தலையின் குரலில் நடிப்பில்லை.

"ஆமா. அவசரப்பட்டா மறுபடி ஒடஞ்சுடும்." அது தொப்பையில் எதையோ தொட்டது. "இது என்ன?"

"பாக்கெட்! புதுசு. கையை உள்ள வெச்சுக்கிட்டா..."

"கூடாது. காத்துப் படணும். உள்ள வெச்சா அழுகிடும்."

இதற்கு எதிராகப் பேச அங்கே யாருக்கும் மருத்துவ ஞானம் போதவில்லை. மேடம் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு கையை அசைத்து ஏதோ சொன்னார். கண்ணாடி தடிமனானது.

நிகழ்ச்சி முடிந்து மேசைக்குள்ளிருந்து வெளியே வந்ததும் தலை முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க? ஒரு தடவை ஆட்டிட்டா முடிஞ்சிருக்குமே."

"அதான்" என்றாள் வலது.

அடுத்த வாரம் அவளைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. போன் மேல் போன். கட்டைவிரல் எப்படி இருக்கிறது, நாங்களும் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறோம், அடுத்தது எப்போது? அந்த வாரமெல்லாம் முக்காலியில் உட்கார்ந்த குழந்தைகள் ஒவ்வொருவரும் கரடிக்கு வைத்தியம் பார்த்தார்கள். தடவினார்கள், ஊதினார்கள், சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலது அவசரப்படவில்லை. ஒருவன் தடவியதற்குச் சுட்டுவிரலில் ஒரு துடிப்புத் தெரிந்தது. மறுநாள் ஒருத்தி முரட்டுத்தனமாக இழுத்துவிட்டதால் அது போய்விட்டது. அவளையும் குறை சொல்ல முடியாது. சிகிச்சை என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும். பள்ளிக் குழந்தைகள் பென்சிலைப் பிடிக்கத் தொடங்கினார்கள். சீராக எழுதுகிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பெற்றோர்கள் திட்டுவதை நிறுத்தினார்கள். பாக்கெட்டைப் பிரித்து எடுக்கச் சொன்னார் மேடம். வலது பிரித்தாள். இரட்டைத் தையல் என்பதால் நேரமாயிற்று.

முழுதாகக் குணமானால் என்ன ஆகும் என்பது மேடத்துக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் தலை காலையில் வந்ததும் அவளுக்கு ஒரு டீயைக் கொண்டுவந்து வைக்கிறார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். மேசைக்குள் புகுவதற்கு முன், நோயாளியின் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்.

"இன்னிக்கு எப்படிம்மா இருக்கு கை?"

"நேத்துக்கு இன்னிக்குப் பரவாயில்ல" என்கிறாள் வலது. "ஆனா சுண்டுவிரலைப் பத்தி இப்போதைக்கு எதுவும் சொல்றதுக்கில்ல."